லைன் போட்ட ஊர்

திருப்பூரில் பட்டன் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கலரைக் கேட்க மாட்டார். "எத்தனை லைனுங்க?" என்பார். சட்டையின் முன்பக்கத்துக்கு 18 லைன். காலர் நுனியைப் பிடித்து நிறுத்தும் குட்டிப் பட்டனுக்கு 14 லைன். அதற்கு மேல் 24, 32 என்று தடித்த துணிகளுக்குப் பெரிதாகிக்கொண்டே போகும். ஓர் அங்குலத்தை 40 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு லைன். மில்லிமீட்டர் கணக்கில் 0.635. 18 லைன் பட்டனை ஸ்கேலில் வைத்தால் ஏறக்குறைய பதினொன்றரை மில்லிமீட்டர் காட்டும். வெளிநாட்டு பையர் அனுப்பும் தாளில் இது '18 எல்' என்று இருக்கும். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பையன்கள் அதைப் பதினெட்டு லட்சம் பட்டன் என்று படித்துவிட்டு முகம் வெளிறி வந்து நிற்பார்கள்.

ஆர்டர் கையில் வந்த நாளிலிருந்து பெட்டி கப்பலேறும் நாள் வரை அதன் பின்னால் ஓடுவது என் பிழைப்பு. மெர்ச்சண்டைசர் என்பார்கள். நாளெல்லாம் காதில் விழும் ஆங்கிலச் சொற்களில் எது அதிகம் என்று கேட்டால் யோசிக்காமல் 'லைன்' என்றுதான் சொல்வேன். பட்டனில் லைன், தையலில் லைன், குடியிருப்பில் லைன், கடனில் லைன், கரண்டில் லைன், காதலில் லைன். "மூணாவது லைன் சூப்பர்வைசர் லைன்ல இருக்காரு, அவங்க லைன் வூட்டுல லைன் போயிருச்சாம்" என்று சொன்னால் இந்த ஊரில் யாரும் தடுமாற மாட்டார்கள். யார் போனில் காத்திருக்கிறார், எங்கே கரண்ட் இல்லை என்று எல்லாருக்கும் புரிந்துவிடும்.

இதைக் கேட்டால் தமிங்கிலம் என்று தலையில் அடித்துக்கொள்ளும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடுதான். 'அழகா இருக்கு' என்று சொல்ல வாய் வராமல் 'பியூட்டிஃபுல்லா இருக்கு' என்பது சோம்பேறித்தனம், ஒத்துக்கொள்கிறேன். லைன் அந்தக் கணக்கில் வராது. லைன் வீடு, லைன் வண்டி, லைன் போடுறது என்று லண்டன்காரர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள், திருதிருவென்று விழிப்பார். சொல் அவர் ஊரிலிருந்து வந்ததுதான். அதற்குள் இருக்கும் சரக்கு நாம் போட்டது.

அவர் ஊருக்கே அது வெளியிலிருந்து வந்த சொல். லத்தீனில் லீனும் என்றால் ஆளிச்செடி. நாட்டு மருந்துக் கடையில் ஆளி விதை என்று கொடுக்கிறார்களே, அதே செடி. அதன் தண்டை ஊறவைத்து, அடித்து, நார் பிரித்து முறுக்கிய நூலுக்கு லீனெயா என்று பெயர். நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்தால் நேராக நிற்கிறது. அந்த நேருக்கும் நூலின் பெயரே நிலைத்துவிட்டது. லைன் பிறந்த கதை இவ்வளவுதான். அதே செடியிலிருந்து கிளம்பிய மற்ற சொற்களும் எங்கள் ஊரில் தினமும் புழங்குகின்றன. லினன் துணி நேரடி வாரிசு. ஆடைக்கு உட்புறம் லினன் வைத்துத் தைத்த பழக்கத்தால் வந்தது லைனிங். இன்று பிளவுஸுக்கு வைக்கும் லைனிங் துணியில் ஆளி நார் ஓர் இழைகூட இருக்காது, பெயர் மட்டும் மிச்சம். கிரிக்கெட் மட்டைக்குத் தடவும் லின்சீட் ஆயில் அந்த விதையின் எண்ணெய். பிரெஞ்சுக்காரர்கள் லினன் உள்ளாடையை வைத்து உண்டாக்கிய சொல்தான் லாஞ்சரி. ஆக, திருப்பூரில் தைக்கும் ஜட்டியும் பெட்டி பேக்கிங்கில் ஒட்டும் ஸ்டிக்கரில் இருக்கும் லைனும் சொல் வழியில் பங்காளிகள்.

நூல் நேராகி, அப்புறம் எழுத்தாவது லத்தீனில் மட்டும் நடந்ததல்ல. பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று கொங்கு நாட்டார் உரிமை கொண்டாடும் பவணந்தி முனிவர், நன்னூலில் இதையே இரண்டு வெண்பாவில் வைத்திருக்கிறார். ஒன்றில் சொல்தான் பஞ்சு, பாட்டு இழை, புலவன் நூற்கும் பெண், வாய் அவள் கை, அறிவு கதிர். இப்படி நூற்றால் நூல் முடியும் என்கிறார். அடுத்ததில் நூற்பவள் போய் மரத்தச்சன் வந்துவிடுகிறான். மரத்தின் கோணலைத் தீர்க்கத் தச்சன் பிடிக்கும் நூல் மாதிரி, மனத்தின் கோணலைத் தீர்ப்பது நூல். ஸ்பின்னிங் மில் நிறைந்த பகுதியிலிருந்து வந்தவர் வேறு எப்படி எழுதுவார் என்று வேடிக்கையாக நினைத்துக்கொள்வேன். மில்லெல்லாம் அவருக்கு 700 வருஷம் கழித்து வந்தவை என்பது வேறு விஷயம். கொத்தனார் இன்றும் "நூல் கட்டு" என்றுதான் சொல்கிறார். ஆசாரி "ரெண்டு நூல் குறைச்சுக்க" என்கிறார். அவர் சொல்லும் நூல் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. இங்கிலாந்தில் பழைய லைன் அங்குலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்காக இருந்தது. பிரெஞ்சு லைன் 2.256 மில்லிமீட்டர், கைக்கடிகாரத்தின் உள் எந்திரத்தை இன்னமும் அதில்தான் அளக்கிறார்கள். பட்டன்காரர்களுக்கு நாற்பதில் ஒன்று. நூலால் அளக்கலாம் என்று இரண்டு நாட்டு ஆசாரிகளுக்கும் தோன்றியிருக்கிறது. ஒரு நூல் எவ்வளவு என்பதில்தான் ஊருக்கொரு கணக்கு.

எங்கள் தொழிலில் லைன் என்று மொட்டையாகச் சொன்னால் அது தையல் லைன். டெய்லர்கள் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்திருக்க, டி-ஷர்ட் முதல் மெஷினிலிருந்து கடைசி மெஷின் வரை கை மாறிக் கை மாறிப் போகும். ஒருவர் ஷோல்டர் மட்டும் சேர்ப்பார். அடுத்தவர் கழுத்து ரிப் வைப்பார். அப்புறம் கை, அப்புறம் சைடு, கடைசியில் பாட்டம். நடுவில் கைமடிக்காரர்கள் பீஸை மடித்து, நூல் பிசிறு வெட்டி நகர்த்துவார்கள். 1913-இல் அமெரிக்காவின் ஹைலேண்ட் பார்க்கில் ஃபோர்டு கார் தொழிற்சாலை இந்த முறையைக் கொண்டுவந்தபோது, ஒரு காரின் அடிச்சட்டம் கோக்க ஆன பன்னிரண்டரை மணி நேரம் 93 நிமிடமாக இறங்கியது. அங்கே சங்கிலியில் கார் நகர்ந்தது. இங்கே சங்கிலி கிடையாது, பீஸ் கையால்தான் நகர வேண்டும். அதனால் லைன் நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். லேபிள் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கழுத்து வைக்கிறவர் முன்னால் பண்டில் குவிய ஆரம்பிக்கும். அவருக்கு முன்னே இருக்கிறவர்கள் தைத்துத் தைத்துத் தள்ளுவார்கள், பின்னே இருக்கிறவர்கள் மெஷினில் கை வைத்தபடி சும்மா இருப்பார்கள். கால் மணி நேரத்தில் கடைசி மெஷின் வரை சத்தம் அடங்கிவிடும். "லைன் நின்னுருச்சு" என்று எனக்குப் போன் வரும். லேபிள்காரருக்கு நான் போன் போடுவேன். அவர் எடுக்க மாட்டார்.

லைனால் உற்பத்தி கூடியது உண்மை. அதற்குக் கொடுத்த விலையும் ஒன்று உண்டு. பவர் டேபிள் என்னும் தையல் மேஜையில் முழு பனியனையும் தனியாளாகத் தைத்துப் பழகிய பழைய டெய்லரைக் கொண்டுவந்து லைனில் உட்கார வைத்தால் அவருக்குச் சலிப்பு தட்டிவிடுகிறது. லைனிலேயே பழகிய பிள்ளைகளிடம் ஒரு முழு பீஸைக் கொடுத்தால் எங்கே தொடங்குவது என்று பார்க்கிறார்கள். இரண்டு பேருமே நல்ல வேலைக்காரர்கள்தான்.

இனி வீட்டுக்கு வருவோம். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து இங்கே வந்த புதிதில் வாடகைக்கு இடம் தேடியபோது, ஒரு வீட்டுக்காரம்மா, "லைன் வூடுதானுங்க, ஆனா தனித்தனி மீட்டருங்க" என்றார். மதுரைப் பக்கம் நாங்கள் வளவு என்போம், காம்பவுண்டு என்போம். திருவல்லிக்கேணியில் ஸ்டோர் என்பார்கள். ஆனால் அவற்றுக்கும் லைன் வீட்டுக்கும் வித்தியாசம் உண்டு. வளவில் வீடுகள் ஒரு முற்றத்தைச் சுற்றி இருக்கும், எதிர் வீட்டு முகம் தெரியும். லைன் வீட்டில் அறைகள் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். இந்தச் சுவரும் அந்தச் சுவரும் பக்கத்து வீட்டுக்காரருடையது, மேலே சிமெண்ட் ஷீட், முன்னால் ஆள் நடக்கும் அகலத்தில் ஒரு சந்து, கோடியில் பொதுக் குளியலறை, உப்புத் தண்ணித் தொட்டி. எதிரில் காம்பவுண்டுச் சுவர்தான் இருக்கும். அதனால் லைன் வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் முகத்தைவிடக் குரலில்தான் அதிகம் அறிவார்கள். இரண்டு சுவர் தள்ளி இருக்கும் ஒடிசாப் பையன்கள் என்ன சீரியல் பார்க்கிறார்கள் என்று இந்தக் கோடியில் இருக்கும் தேனிக்காரக் குடும்பத்துக்குத் தெரியும்.

இந்த லைன் பட்டாளத்திலிருந்து வந்தது. வெள்ளைக்காரன் சிப்பாய்களை வரிசை வரிசையாகக் கூடாரத்திலும் கொட்டடியிலும் தங்கவைத்த இடங்களை 'லைன்ஸ்' என்றான். அதனால்தான் ஊருக்கு ஊர் போலீஸ் லைன் இருக்கிறது. டெல்லியிலும் அலகாபாத்திலும் வெள்ளை அதிகாரிகள் தோட்டம் துரவோடு பங்களா கட்டி வாழ்ந்த பகுதிக்கு சிவில் லைன்ஸ் என்று பெயர். பங்களாவுக்கும் லைன், பத்தடி அறைக்கும் லைன்.

அந்தப் பத்தடி அறையின் முழு வரலாறும் இலங்கை மலையகத்தில் இருக்கிறது. காப்பித் தோட்டக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து நடத்திக் கூட்டிப்போன ஆட்களுக்காகக் கட்டிய நீளக் கொட்டடிகள் அவை. 1869-இல் இலைத் துரு நோய் வந்து காப்பி அழிந்தது. லூல்கந்தூரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் தொடங்கிவைத்த தேயிலை மலையெல்லாம் பரவியது. பயிர் மாறியது, துரை மாறினார், லைன் மாறவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, முன்னால் ஒரு ஒட்டுத் திண்ணை. சில இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை, பின் ஜன்னலுக்கு வழியே கிடையாது. ஒரு குடும்பம், மூன்று தலைமுறை, ஒரே அறை. மலையக மக்கள் வாயில் லைன் என்பது லயன் ஆகி, லயம் ஆயிற்று. அறைக்கு அவர்கள் சொல்லும் காம்பிரா போர்த்துகீசியச் சொல். லயத்துக் காம்பிரா என்னும்போது ஐரோப்பாவின் இரண்டு மூலையிலிருந்து வந்த இரண்டு சொற்கள் நடுவில் ஒரு தமிழ்ச் சாரியையோடு நிற்கின்றன.

சொல் இப்படித் தமிழாகிவிட்டது. அதில் வாழ்ந்தவர்களை நாட்டு மக்களாக்க மட்டும் அரசுகளுக்கு நெடுங்காலம் மனம் வரவில்லை. 1948-இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலையெண்ணிப் பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தது. வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. அங்கேயும் வரிசை வீடுதான்.

மூணாறுத் தமிழர்களும் லயம் என்றுதான் சொல்வார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து அந்த லயங்களின் மேல் விழுந்தது. எழுபது உயிர்கள். பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. மறுநாள் செய்தியில் 'லயம்' என்ற சொல்லைக் கேட்டுவிட்டு என்ன அது, தாள லயமா என்று கேட்டவர்கள் எங்கள் ஆபீஸிலேயே இருந்தார்கள். லைன் வீட்டிலிருந்து கிளம்பி வந்து, தையல் லைன் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டார்கள்.

லைன் வண்டிக்கு இவ்வளவு பாரம் கிடையாது. பிஸ்கட், சோப்பு, சோடா, பன் எல்லாம் கடை கடையாக இறக்கிக்கொண்டே போகும் வேன்தான் லைன் வண்டி. "இன்னிக்கு பெருமாநல்லூர் லைன், நாளைக்கு அவிநாசி லைன்" என்று சேல்ஸ்மேன்கள் நாளைப் பிரித்து வைத்திருப்பார்கள். கம்பெனிக் கூட்டத்தில் இதற்கு பீட் என்று வேறு பெயர், ஆனால் மளிகைக் கடைக்காரர் எவரும் 'பீட் வண்டி' என்று சொல்லி நான் கேட்டதில்லை. லாரிக்காரர்களிடம் லைன் என்பது இன்னும் நீளம். பம்பாய் லைன், கல்கத்தா லைன் என்பார்கள். வட்டித் தொழிலிலும் அது உண்டு. பணத்தைப் பல பேருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு வாரா வாரம் வீடு வீடாகப் போய் வசூலிப்பதைக் கொங்குப் பக்கம் "லைனுக்குப் போறது" என்பார்கள். எங்கள் ஊரில் சம்பளம் சனிக்கிழமை. வசூல் பைக் லைன் வீட்டுச் சந்துக்குள் நுழையும் நேரமும் அதை ஒட்டித்தான். தெரிந்தவர் ஒருவர், "சம்பளம் ஒரு லைன்ல வந்து இன்னொரு லைன்ல போயிருதுங்க" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

எனக்கு மிகப் பிடித்தது லைன் கிளியர். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிர் வண்டி வந்துவிடக் கூடாது என்பதற்காக ரயில்வே கண்டுபிடித்த ஏற்பாடு அது. பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டர் சம்மதம் தந்தால்தான் இந்த ஸ்டேஷன் கருவியிலிருந்து ஒரு உலோக உருண்டை வெளியே வரும். இரண்டு ஸ்டேஷன் கருவிகளும் மின்சாரத்தால் பிணைக்கப்பட்டவை. ஒன்று வெளியே இருக்கும்வரை இன்னொன்று வராது. அந்த உருண்டையைத் தோல் பையில் போட்டு, பையைப் பெரிய பிரம்பு வளையத்தில் மாட்டி, டிரைவர் கையில் கொடுப்பார்கள். நிற்காமல் போகும் வண்டியென்றால் பிளாட்பாரத்தில் ஒருவர் வளையத்தைத் தூக்கிப் பிடித்து நிற்க, ஓடும் எஞ்சினிலிருந்து கையை நீட்டி அப்படியே வாங்கிக்கொள்வார்கள். உருண்டை கையில் இருந்தால் தடம் உங்களுடையது. கம்ப்யூட்டர் சிக்னல் வந்தபின் பிரம்பு வளையம் அரிதாகிவிட்டது.

இதே சொல்லை மின்வாரியத்துக்காரர்களும் வைத்திருக்கிறார்கள். எல்.சி. என்பார்கள். கம்பத்தில் ஏறும் முன் சப்ஸ்டேஷனில் எல்.சி. வாங்க வேண்டும். அங்கே பிரேக்கரைத் திறந்து, 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்று பலகை மாட்டுவார்கள். அதன் பிறகும் கம்பியைத் தொட மாட்டார்கள். நீண்ட கழியின் முனையில் இருக்கும் கொக்கியைக் கம்பியில் மாட்டி எர்த் செய்வார்கள். எங்காவது ஒரு வீட்டு ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ தப்பான வயரிங்கில் கரண்டைத் திருப்பி அனுப்பினால் அது தரைக்குப் போய்விடும். வேலை முடிந்ததும் யார் எல்.சி. வாங்கினாரோ அவரே அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அப்புறம்தான் சப்ளை. பொருளைக் கவனியுங்கள். ரயில்வேயில் லைன் கிளியர் என்றால் வண்டி வரலாம். மின்வாரியத்தில் லைன் கிளியர் என்றால் வரவேண்டியது வராது, அதனால் ஆள் ஏறலாம். ஒரே சொல் நேரெதிராகத் திரும்பிவிட்டது. தெருவில் மூன்றாவது பொருள்: "அவங்கப்பா ஊருக்குப் போயிட்டாரு மச்சி, லைன் கிளியர்." இது ரயில்வே வழி வந்ததா, மின்வாரிய வழி வந்ததா என்று டீக்கடையில் ஒரு சாயங்காலம் முழுக்க விவாதித்திருக்கிறோம். அப்பாதான் ஹை டென்ஷன் கம்பி, எனவே மின்வாரியமே என்பது என் கட்சி.

லைன் போடுறது தனிக் கலை. காதலுக்கு முந்திய கட்டம் அது. பார்வை உண்டு, பதில் இன்னும் வரவில்லை. கோடு போடுவது என்று இதை மாற்றிச் சொன்னால் யாருக்கும் புரியாது. பதில் வந்துவிட்டால் லைன் போடுறது முடிந்து 'செட் ஆயிருச்சு' ஆகிவிடும்.

ரயில் லைனைப் பற்றி எங்கள் பக்கத்துக்காரர்களிடம் கேட்காதீர்கள். மதுரை – போடி மீட்டர் கேஜ் தடம் 2010 கடைசியில் அகலப்பாதை வேலைக்காக மூடப்பட்டது. தேனிக்கு மறுபடி ரயில் வந்தது 2022 மே மாதம், போடிக்கு வந்தது 2023 ஜூனில். நடுவில் தண்டவாளத்தையே பெயர்த்துவிட்டார்கள். ஆனாலும் உசிலம்பட்டியில் வழி கேட்டால் "போடி லைனைத் தாண்டி வாங்க" என்றுதான் சொன்னார்கள். இல்லாத லைனைத் தாண்டி நாங்களும் போய்வந்தோம். விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு இரண்டு லைன் உண்டு. மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று வளைந்து போவது மெயின் லைன். விருத்தாசலம், அரியலூர் வழியாகக் குறுக்கே ஓடுவது கார்டு லைன். கார்டு என்றால் வில்லின் நாண், சுற்றிப் போகும் வளைவைக் குறுக்கே இழுத்துக் கட்டியது. வேகமான வண்டிகள் அநேகமாக நாணில்தான் ஓடுகின்றன. பெயரளவில் தஞ்சாவூர்க்காரர்கள் இன்னமும் மெயின்.

இதில் லூப் லைன் என்ற சொல்லை ஊரெல்லாம் அறிந்துகொண்ட விதம் கொடியது. 2023 ஜூன் 2 அன்று சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிசாவின் பாஹாநகா பஜாரில் மெயின் லைனில் போவதற்குப் பதில், வண்டிகளை ஒதுக்கி நிறுத்தும் பக்கத் தடமான லூப் லைனுக்குள் திரும்பி, அங்கே நின்ற சரக்கு ரயிலில் மோதியது. 290-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எங்கள் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒடியாப் பிள்ளைகள் ஊருக்குப் போய்வரும் தடம் அது. அன்று இரவு அவர்கள் எல்லாரும் போனில் லைன் கிடைக்காமல் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

டெட்லைன் எங்களுக்கு மாதம் நாலு தடவை வரும். பெட்டி தூத்துக்குடித் துறைமுகத்துக்கு எந்த நேரத்துக்குள் போகவேண்டும் என்று ஷிப்பிங் லைன்காரர்கள் ஒரு கெடு வைப்பார்கள். கன்டெய்னரை மூடியதும் அவர்கள் போடும் பூட்டுக்கு லைன் சீல் என்று பெயர், அதன் நம்பரைத் தப்பாக எழுதினால் இன்னொரு தலைவலி. கெடு தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டும். வாடகை நம் தலையில், லாபம் அங்கேயே போச்சு. ஆனால் இந்தச் சொல்லின் பழைய பொருளில் போனது லாபம் அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1864-இல், ஜார்ஜியா மாநிலத்து ஆண்டர்சன்வில்லில் ஒரு போர்க்கைதி முகாம் இருந்தது. வேலிக்கு உள்ளே சுமார் 19 அடி தள்ளி, குச்சிகளில் ஒரு மெல்லிய மரச்சட்டம் அடித்திருந்தார்கள். அதைத் தொட்டாலோ தாண்டினாலோ மேலே காவல் கூண்டில் இருப்பவன் சுட்டுவிடலாம், எச்சரிக்கை வேண்டியதில்லை. அதற்குப் பெயர் டெட் லைன். அந்த முகாமில் அடைபட்ட சுமார் 45,000 பேரில் கிட்டத்தட்ட 13,000 பேர் நோயிலும் பசியிலும் செத்தார்கள். முகாம் தலைவன் ஹென்றி விர்ஸ் 1865 நவம்பரில் தூக்கிலிடப்பட்டான். பத்திரிகை ஆபீஸ்கள் அந்தச் சொல்லை எடுத்து அச்சுக்குப் போகும் கடைசி நேரத்துக்கு வைத்துக்கொண்டது அடுத்த நூற்றாண்டில். 'கெடு' என்ற நம் சொல்லிலும் கேடு எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது; ஆனால் அதில் துப்பாக்கி இல்லை. எனவே இந்த ஒரு இடத்தில் மட்டும் நான் தமிழ்க் கட்சி.

செல்போன் வந்தபின் போனில் லைன் எங்கே இருக்கிறது? கம்பி கிடையாது, ஆனாலும் "லைன்ல இருங்க", "லைன் கட்டாயிருச்சு", "ரொம்ப நேரமா லைன் கிடைக்கல". டிரங்க் கால் போட்டுவிட்டு போஸ்ட் ஆபீஸ் பெஞ்சில் காத்திருந்த தலைமுறை சொன்ன சொற்களை, கம்பியையே பார்க்காத பிள்ளைகள் சொல்கிறார்கள். இன்டர்நெட் தன் பங்குக்கு ஆன்லைனைக் கொண்டுவந்தது. அது எங்கள் ஊரில் ஓர் இடத்தின் பெயர் மாதிரி ஆகிவிட்டது: "எங்க வாங்குனீங்க?" "ஆன்லைன்ல." ரேஷன் கடையில் கைரேகை மெஷின் வந்ததும் அங்கேயும் லைன் தேவைப்பட்டது. போன மாதம் போயிருந்தேன். விரலை வைத்தால் மெஷின் சுற்றிக்கொண்டே இருந்தது, கூட்டம் வெயிலில் சாலை வரை வந்துவிட்டது. விற்பனையாளர் தலையை நீட்டி, "லைன் கிடைக்கலீங்க, அப்படியே லைன்ல நில்லுங்க" என்றார். எனக்குப் பின்னால் இருந்த அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு, "அரிசி லைன்லயா, பாமாயில் லைன்லயா?" என்று கேட்டார்.